பழைய வழக்கு இருந்த பையனைக் கல்லூரி அணியில் சேர்க்கலாமா?

கேள்வி: தென் மாவட்டத்தில் ஒரு கலைக் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருக்கிறேன். இந்த ஆண்டு கபடி செலக்‌ஷனுக்கு வந்தவர்களில் ஒரு ரைடர் மற்ற எல்லோரையும் விட நன்றாக ஆடினான். பதினாறு வயதில் பள்ளிக்கு வெளியே நடந்த ஓர் அடிதடியில் அவன் மீது வழக்குப் பதிவானது. இளைஞர் நீதிக் குழுமம் அவனை நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்டு வழக்கை முடித்துவிட்டது. அவனே இதை என்னிடம் சொன்னான். முதல்வர் தயங்குகிறார். சட்டப்படி சேர்க்கலாமா? சேர்த்தால் எப்படிப் பார்த்துக்கொள்வது?

பதில்: சேர்க்கலாம். முதல்வரின் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் பயப்படும் விஷயத்தில் சட்டம் பையன் பக்கம்தான் நிற்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நிஜமான வேலை அதற்கு அப்புறம் இருக்கிறது.

சம்பவம் நடந்த அன்று அவனுக்கு 18 வயது ஆகவில்லை. அதனால் அவன் வழக்கு 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் வருகிறது. குழுமம் விசாரித்து, அவன் தவறு செய்தான் என்றே முடிவு செய்திருந்தாலும், தண்டனை பெற்றவர்களுக்கு ஏற்படும் எந்தத் தகுதியிழப்பும் அவனுக்கு ஏற்படாது என்கிறது அந்தச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு. இதற்கு ஒரு விலக்கு உண்டு. பதினாறு வயது முடிந்த ஒருவர் மிகக் கொடிய குற்றத்தில், அதாவது குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டோ அதற்கு மேலோ உள்ள குற்றத்தில், பெரியவர்போல் சிறார் நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டுக் குற்றவாளி என முடிவானால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. உங்கள் பையனின் வழக்கைக் குழுமமே முடித்திருப்பதால் அந்தக் கவலை இல்லை.

74-ஆவது பிரிவையும் முதல்வருக்குக் காட்டுங்கள். முடிந்துபோன வழக்கின் விவரத்தை நன்னடத்தைச் சான்றிதழுக்காகக்கூடக் காவல் துறை வெளியே தரக் கூடாது. சிறுவரின் அடையாளத்தை வெளியிடுவதே குற்றம். ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். ஆகவே அட்மிஷன் ஃபார்மில் இதைக் கேட்காதீர்கள். ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் "இந்தப் பையன் மேல கேஸ் இருந்துச்சாம்" என்று ஒரு வரிகூட வரக் கூடாது. அவன் உங்களை நம்பிச் சொன்னான். உங்களுக்கும் முதல்வருக்கும் தெரிந்தால் போதும். அணியில் உள்ள மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

அவன் குடும்பத்திடம் ஒரு வேலை சொல்லுங்கள். குழுமத்தின் இறுதி உத்தரவின் நகலை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும். பழைய பதிவுகளை அழிப்பது பற்றியும் அங்கேயே கேட்கலாம், சட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. நம் பிள்ளைகள் பலருக்குக் கபடி என்றால் ரயில்வே வேலை, போலீஸ் வேலை. அங்கே சரிபார்ப்புப் படிவம் வரும்போது இந்த நகல் கையில் இருக்க வேண்டும். அந்தப் படிவத்தைத் தானாக நிரப்பாமல் ஒரு வழக்கறிஞரிடம் காட்டி நிரப்பட்டும். சிறுவனாக இருந்தபோது வந்த வழக்கைக் காட்டி வேலையை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லியிருக்கிறது. அப்படியும் அலுவலகங்களில் இதை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டியிருக்கிறது.

பதினெட்டுக்கு மேல் நடந்த சம்பவம் என்றால் கதை வேறு. வழக்கு நிலுவையில் இருந்தால் பெயில் நிபந்தனையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும், வாய்தா நாளும் போட்டி நாளும் மோதும், வெளிநாட்டுப் போட்டிக்குப் பாஸ்போர்ட் எடுக்க நீதிமன்ற அனுமதி வேண்டியிருக்கும். ராகிங் வழக்கில் தண்டனை பெற்ற மாணவரை வேறு எந்தக் கல்வி நிறுவனத்திலும் சேர்க்கக் கூடாது என்று 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு ராகிங் தடைச் சட்டமே சொல்கிறது. அங்கே உங்கள் கருணைக்கு இடம் இல்லை.

சரி, சேர்த்த பிறகு என்ன செய்வது? இந்த விஷயத்தில் நிறைய அடிபட்டுக் கற்றுக்கொண்டவர்கள் அமெரிக்கக் கல்லூரிகள். கூடைப்பந்து வீரர் ஆலன் ஐவர்சனுக்கு 17 வயதாக இருந்தபோது, 1993-இல், வர்ஜீனியாவில் ஒரு பௌலிங் கூடத்தில் நடந்த கைகலப்புக்காகச் சிறைத் தண்டனை கிடைத்தது. நான்கு மாதம் உள்ளே இருந்த பிறகு ஆளுநர் கருணை காட்டி விடுவித்தார். பள்ளிப் படிப்பை முடிக்கும்வரை அணி விளையாட்டுகளில் ஆடக் கூடாது என்பது அப்போது போட்ட நிபந்தனைகளில் ஒன்று. அவருடைய அம்மா ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஜான் தாம்சனை நேரில் பார்த்து மகனைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டார். தாம்சன் சேர்த்துக்கொண்டார். 1995-இல் மேல்முறையீட்டில் அந்தத் தண்டனையே ரத்தானது. 1996-இல் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. புதிய வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் ஐவர்சன்தான்.

இதற்கு நேரெதிரான கதையும் உண்டு. 2014-இல் ஜார்ஜியா பல்கலைக்கழகம் வீட்டு வன்முறைப் புகாரில் கைதான ஓர் அமெரிக்கக் கால்பந்து வீரரை நீக்கியது. ஜூனியர் காலேஜ் ஒன்றில் ஒரு சீசன் ஆடிய அவரை, 2015 ஜனவரியில் அலபாமா சேர்த்துக்கொண்டது. மார்ச் மாதம் அதே மாதிரி இன்னொரு புகாரில் கைதானார், அலபாமாவும் நீக்கியது. புகார் கொடுத்த பெண் பிறகு அதைத் திரும்பப் பெற்றார் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் அந்த மே மாதமே, இவ்விரு பல்கலைக்கழகங்களும் இருக்கும் எஸ்.ஈ.சி. கூட்டமைப்பு விதியை மாற்றியது. பாலியல் வன்முறை, வீட்டு வன்முறை போன்ற கடும் குற்றங்களுக்காக ஒரு கல்லூரி நீக்கிய வீரரை இன்னொரு கல்லூரி எடுக்கக் கூடாது என்றது. பேய்லர் பல்கலைக்கழகத்தில் இன்னொரு சிக்கல். அங்கே மாறி வந்து, பிறகு பாலியல் வழக்கில் சிக்கிய ஒரு வீரரைப் பற்றி எல்லாம் சொன்னேன் என்றார் பழைய பயிற்சியாளர். என்னிடம் அப்படிச் சொல்லவில்லை என்றார் புதியவர். பேசியது ஃபோனில்.

எனக்கு இதிலிருந்து கிடைத்தது ஒரு கேள்விதான், எந்தப் பையனைப் பற்றிக் கேட்டாலும் முதலில் இதைத்தான் திருப்பிக் கேட்பேன்: நாளைக்கு இவன் முழங்கால் லிகமென்ட் கிழிந்து ஒரு வருடம் ஆட முடியாமல் போனால், அப்போதும் இவனை வைத்துக்கொள்வீர்களா? வைத்துக்கொள்வோம் என்றால் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நீங்கள் தருவது வாய்ப்பே இல்லை, அவனுடைய ரைடுகளை வாடகைக்கு எடுக்கிறீர்கள். கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நான் கல்லூரியில் வேலை பார்த்த காலத்தில் இப்படி ஒரு பையனைக் கொண்டுவந்தேன். இரண்டாம் ஆண்டு செப்டம்பரில் கால் போயிற்று. டிசம்பரில் நிர்வாகம் ஹாஸ்டல் சலுகையை நிறுத்தியது. அவன் ஊருக்குப் போனான், பழைய கூட்டம் அங்கேயே இருந்தது. அடுத்த ஆடிக்குள் அவன் மேல் இரண்டாவது வழக்கு. சலுகையை எழுத்தில் வாங்காதது என் தவறு. நீங்கள் வாங்குங்கள்: கட்டணம், ஹாஸ்டல், மெஸ் மூன்றும் ஆடினாலும் ஆடாவிட்டாலும் மூன்று ஆண்டுக்கு உண்டு என்று முதல்வர் கையெழுத்தோடு ஒரு தாள். பதிலுக்கு அவனும் ஒரு தாளில் கையெழுத்துப் போடட்டும். வகுப்புக்கு வர வேண்டும், கை நீட்டக் கூடாது, ஹாஸ்டலை விட்டு ராத்திரி வெளியே போகக் கூடாது. மீறினால் என்ன நடக்கும் என்பதும் அதிலேயே இருக்கட்டும்.

ஹாஸ்டலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நீங்கள் எழுதவில்லை, ஆனால் தென் மாவட்டத்தில் பள்ளிக்கு வெளியே அடிதடி என்றால் அது எதனால் நடந்திருக்கலாம் என்று நம் இருவருக்கும் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சாதி வெறியில் ஓர் அண்ணனையும் தங்கையையும் வீடு புகுந்து வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு, அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவைக் கொண்டு ஒருநபர் குழு அமைத்தது. மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறு வரைக்கும் அந்தக் குழு பேசியது. கபடியில் இது இன்னும் ஆழமாகப் போகிறது. பல ஊர்களில் அணி என்பதே ஒரு தெருவின் அணி, பனியனில் இருக்கும் பெயரும் நிறமும் அதைத்தான் சொல்லும். ஆகவே அவனை அவன் ஊர்க்காரர்களோடு ஓர் அறையில் போடாதீர்கள். வேறு மாவட்டப் பையன்களோடு, முடிந்தால் வேறு விளையாட்டுக்காரர்களோடு போடுங்கள். கல்லூரி ஆடுகளத்தில் ஊர் ஜெர்சிக்கும் கயிறுக்கும் இடமில்லை என்பதை அவனுக்கு மட்டும் இல்லாமல் அணி முழுவதற்கும் விதியாக வையுங்கள். திருவிழாக் காலத்தில் ஊர் அணிக்கு ஆட அழைப்பு வரும், பணமும் வரும். முதல் ஆண்டு அந்த ஆட்டங்களுக்கு அனுப்பாதீர்கள். கோபித்துக்கொள்வான், பரவாயில்லை.

அந்த அடிதடியில் காயம்பட்ட பையனோ அவன் குடும்பத்துப் பிள்ளையோ உங்கள் கல்லூரியில் படிக்கிறார்களா என்று அமைதியாகப் பார்த்துவிடுங்கள். படித்தால் இவனுக்கு வேறு நல்ல கல்லூரியாகப் பாருங்கள், உங்கள் நண்பர் யாராவது அங்கே இயக்குநராக இருப்பார். அடிபட்ட பிள்ளை தினமும் கேட்டருகே இவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு படிக்க வேண்டும் என்று நாம் கேட்க முடியாது.

படிப்பு விஷயத்தில் ஓ.டி.தான் எதிரி, அதாவது போட்டிக்குப் போன நாளையும் வகுப்புக்கு வந்ததாகக் கணக்கில் வைக்கும் 'ஆன் டியூட்டி'. ஆடிக்கொண்டே இருக்கும் பையனுக்கு ஓ.டி. போட்டுப் போட்டு வருகைப் பதிவு 75 சதவீதம் காட்டிவிடும், ஐந்தாம் செமஸ்டரில் பார்த்தால் ஒன்பது அரியர். துறையில் ஓர் ஆசிரியரை, சீனியர் ஒருவரை, இவனுக்கென்று கேட்டு வாங்குங்கள். மாதம் ஒருமுறை அவரும் நீங்களும் அவனும் கால் மணி நேரம் உட்காருங்கள். நன்னடத்தைக் கண்காணிப்புக் காலம் இன்னும் மீதி இருந்தால், வீட்டார் சம்மதத்தோடு அந்த அலுவலரிடமும் பேசுங்கள்.

முதல்வரைப் பார்க்க அடுத்த முறை தனியாகப் போகாதீர்கள். பையனையும் அவன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், சட்டப் பிரிவுகளின் நகலையும் எடுத்துக்கொள்ளுங்கள். மெடல்களைப் பற்றி நீங்கள் பேச ஆரம்பிக்க வேண்டாம். எந்தப் பாடம் எடுத்துப் படிக்கப் போகிறான் என்பதை அவனே முதலில் சொல்லட்டும்.