பிரிட்டனில் நினைத்தபோது பணம் எடுக்கிற மாதிரி ஆன்லைன் சேமிப்புக் கணக்கு: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

உங்கள் கேள்வி இதுதான்: பிரிட்டனில் வேலை, கரண்ட் அக்கவுண்டில் 15,000 பவுண்ட் வட்டியில்லாமல் கிடக்கிறது, அவசரம் என்றால் உடனே எடுக்க வேண்டும், எந்த ஆன்லைன் கணக்கில் போடலாம்?

முதலில் அந்தப் பணத்தை இந்த வாரமே அங்கிருந்து நகர்த்துங்கள். எந்த வங்கி என்பது அடுத்த கேள்வி. 4 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 15,000 பவுண்டுக்கு வருடம் 600 பவுண்ட் வருகிறது. தேடித் தேடி 4.3 சதவீதம் தருகிற இடத்தைப் பிடித்தால் 645. அந்த 45 பவுண்டுக்காக ஒப்பீட்டுத் தளங்களில் மாதக்கணக்காக உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய பேர், ஆனால் முடிவெடுக்காமல் போகிற ஒவ்வொரு மாதமும் 50 பவுண்ட் போய்க்கொண்டிருக்கிறது என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. முதல் பத்து இடங்களில் இருக்கும் வங்கிகளுக்குள் வித்தியாசம் பெரும்பாலும் சில்லறைதான்.

சரி, எதைப் பார்ப்பது? வட்டிக்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பதை. பட்டியலின் உச்சியில் இருக்கும் கணக்குகளில் பலவற்றுக்கு முதல் 12 மாதத்துக்கு மட்டும் ஒரு போனஸ் வட்டி ஒட்டியிருக்கும், அது முடிந்ததும் வட்டி பாதியாகக்கூடக் குறையும். அதுகூடப் பரவாயில்லை, பதினோராவது மாதம் போனில் ஒரு நினைவூட்டல் வைத்துவிட்டு வேறு கணக்குக்கு மாறிக்கொள்ளலாம். எனக்கு நிஜமாகவே ஆகாதது இன்னொரு வகை: வருடத்துக்கு மூன்று முறைதான் எடுக்கலாம், நான்காவது முறை எடுத்தால் வட்டி தடாலென்று விழும் என்கிற கணக்குகள். இவையும் 'ஈஸி ஆக்ஸஸ்' என்ற பெயரில்தான் விற்கப்படுகின்றன. பாய்லர் கெட்டுப்போவதும் ஊரிலிருந்து திடீரென்று போன் வருவதும் வருடத்துக்கு மூன்று முறையோடு நிற்கும் என்று யார் உத்தரவாதம் தருவது? அவசரப் பணத்துக்கு இந்த வகை வேண்டவே வேண்டாம், வட்டி 0.3 குறைந்தாலும் எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கவிடுகிற கணக்கையே எடுங்கள்.

ஒப்பிடும்போது ஏ.இ.ஆர். எண்ணை (வட்டிக்கு வரும் வட்டியும் சேர்த்து வருடத்துக்கு எத்தனை சதவீதம் என்று காட்டுவது) மட்டும் ஒப்பிடுங்கள். மாதாமாதம் வட்டி தருகிற கணக்கில் சாதாரண வட்டி 3.93 என்றும் வருடத்துக்கொருமுறை தருவதில் 4.00 என்றும் இருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்புறம், இந்த வட்டி எதுவும் நிலையானது இல்லை. பிரிட்டனின் மத்திய வங்கியான பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் அடிப்படை வட்டி 2021 டிசம்பர் நடுவரை 0.1 சதவீதமாக இருந்தது, 2023 ஆகஸ்டில் 5.25க்கு ஏறியது, 2025 டிசம்பரில் 3.75க்கு இறங்கியது. அது இறங்கும்போது வங்கிகள் தங்கள் வட்டியை வேகமாகக் குறைக்கும், ஏறும்போது மெதுவாகத்தான் கூட்டும், அதனால் ஒரு முறை தேர்ந்தெடுத்துவிட்டு மறந்துவிடக்கூடிய கணக்கு என்று எதுவும் கிடையாது.

அடுத்தது பாதுகாப்பு. இதில் மட்டும் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காதீர்கள். 2006இல் பிரிட்டனில் ஐஸ்சேவ் என்ற ஆன்லைன் கணக்கு வந்தது, ஐஸ்லாந்தின் லாண்ட்ஸ்பாங்கி வங்கி நடத்தியது, நல்ல வட்டி, சுமார் 3 லட்சம் பேர் பணம் போட்டார்கள். 2008 அக்டோபரில் வங்கி விழுந்தது. பிரிட்டிஷ் அரசு தலையிட்டதால்தான் தனிநபர்களுக்கு முழுப் பணமும் திரும்பக் கிடைத்தது. இன்று எஃப்.எஸ்.சி.எஸ். (வங்கி விழுந்தால் பணம் போட்டவர்களுக்குத் திருப்பித் தருகிற பிரிட்டிஷ் ஏற்பாடு) பாதுகாப்பு ஒரு நபருக்கு, ஒரு வங்கி உரிமத்துக்கு 1,20,000 பவுண்ட், 2025 டிசம்பர் 1 முதல் (அதற்கு முன்பு 85,000). உரிமத்துக்கு என்பதைக் கவனியுங்கள்: ஹாலிஃபாக்ஸும் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தும் ஒரே உரிமம், எச்.எஸ்.பி.சி.யும் ஃபர்ஸ்ட் டைரக்டும் ஒரே உரிமம். உங்கள் 15,000க்கு இந்த வரம்பு பிரச்சினை இல்லை, வீடு விற்ற பணம் வைத்திருப்பவர்களுக்குத்தான் தேவைப்படும். பேர் தெரியாத சின்ன வங்கி என்று பயப்படவும் வேண்டாம், நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் எஃப்.சி.ஏ. அமைப்பின் பதிவேட்டில் தேடிப்பார்த்து, எஃப்.எஸ்.சி.எஸ். பாதுகாப்பு இருந்தால் போதும். நம் ஊர் வங்கிகளைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள்: ஸ்டேட் பேங்க் ஆஃப் இந்தியாவின் பிரிட்டன் நிறுவனமும் ஐ.சி.ஐ.சி.ஐ. பேங்க் யு.கே.யும் இதே பாதுகாப்புக்குள் வருகின்றன. ஆனால் வங்கி உரிமம் இல்லாத இ-மணி ஆப்களில் வைக்கிற பணத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது, ஆப் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

வங்கி விழுவதைவிட அடிக்கடி நடப்பது ஆப் படுத்துக்கொள்வது. 2018 ஏப்ரலில் டி.எஸ்.பி. வங்கி கணினி அமைப்பை மாற்றியபோது லட்சக்கணக்கானவர்கள் தங்கள் கணக்குக்குள்ளேயே போக முடியாமல் தவித்தார்கள். அதனால் மொத்தப் பணத்தையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். ஒரு மாதச் செலவுக்கான தொகையை, வட்டி குறைவாக இருந்தாலும், கரண்ட் அக்கவுண்ட் இருக்கும் வங்கியின் சேமிப்புக் கணக்கிலேயே வையுங்கள், நடுராத்திரியில்கூட அடுத்த நொடியே மாற்றிக்கொள்ளலாம். மீதியை அதிக வட்டிக் கணக்கில் போடுங்கள்.

வரி: 20 சதவீத வரி கட்டுபவருக்கு வருடம் 1,000 பவுண்ட் வட்டி வரை வரி இல்லை, 40 சதவீதக்காரருக்கு 500 வரைதான், 45க்கு ஒன்றும் கிடையாது. உங்கள் 600 பவுண்ட் வட்டிக்கு முதல் வகையில் வரியே வராது, இரண்டாம் வகை என்றால் மேலே இருக்கும் 100க்கு 40 பவுண்ட் போகும், அப்படியானால் உடனே எடுக்கக்கூடிய கேஷ் ஐசா (வட்டிக்கு வரியே இல்லாத சேமிப்புக் கணக்கு) பார்க்கலாம். நம்மவர்கள் பலர் தவறவிடுவது என்னவென்றால், ஊரில் என்.ஆர்.இ. கணக்கில் (வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்கள் அங்கே சம்பாதித்ததைப் போடுவது) வருகிற வட்டி இந்தியாவில் வரியில்லாதது என்றாலும், பிரிட்டனில் வசிப்பவருக்கு இங்கே அது வருமானம்தான், அந்த 1,000 பவுண்ட் கணக்கில் அதுவும் சேரும் (புதிதாக வந்து முதல் 4 வருடத்தில் இருப்பவர்களுக்குத் தனிச் சலுகை உண்டு).

கணக்கு திறக்கும்போது நமக்கென்றே ஒரு தலைவலி இருக்கிறது, பெயர். பெரும்பாலான ஆன்லைன் சேமிப்புக் கணக்குகள் உங்கள் பெயரிலேயே இருக்கும் ஒரு கரண்ட் அக்கவுண்டோடு மட்டும் இணையும், பணம் அதற்குத்தான் திரும்பிப் போகும். திருடனிடமிருந்து காப்பாற்ற நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு இடத்தில் இனிஷியல், இன்னொரு இடத்தில் அப்பா பெயர் முழுசாக, பாஸ்போர்ட்டில் இரண்டும் ஒன்றாக என்று இருந்தால் பெயர்ச் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்ளும், அப்புறம் ஆவணம் அனுப்பி நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். கரண்ட் அக்கவுண்டில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே விண்ணப்பத்திலும் போடுங்கள். வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது என்றால் வாக்காளர் பட்டியலிலும் பதிவு செய்துகொள்ளுங்கள், காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் என்பதால் இங்கே வசிக்க அனுமதி பெற்ற இந்தியருக்கும் இலங்கையருக்கும் அந்த உரிமை இருக்கிறது, வங்கிகள் ஆளைச் சரிபார்க்க அந்தப் பட்டியலையும் பார்க்கின்றன.

கணக்கு திறந்ததும் முழுப் பணத்தையும் அனுப்பிவிடாதீர்கள். 50 பவுண்ட் போட்டு, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அதைத் திருப்பி எடுத்துப் பாருங்கள். சில வங்கிகளில் நிமிடத்தில் வந்துவிடும், சிலவற்றில் அடுத்த வேலை நாள்தான். திங்கட்கிழமைதான் வருகிறது என்றால், கரண்ட் அக்கவுண்ட் வங்கியில் வைத்திருக்கும் தொகையைக் கொஞ்சம் கூட்டிவிட்டு மீதியை அனுப்புங்கள்.