கயித்தைக் கழட்டிட்டு உள்ள போ தம்பி

அண்ணா வணக்கம். நான் சேலம் அம்மாபேட்டை. எங்களுக்கு 31 வாரத்துலயே பொண்ணு பொறந்துருச்சு, 1,350 கிராம். பத்து நாளா என்.ஐ.சி.யு.ல (பச்சக் குழந்தைங்களுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) இருக்கா, இப்ப 1,260க்கு இறங்கிருச்சு. உசுரோட இருக்குறதுக்கே கோட்டை மாரியம்மனுக்கு நன்றி சொல்லணும்னு எல்லாரும் சொல்றாங்க, எனக்கு பயம்தான் வருது, நன்றி வரல. என் மனைவி சாமி கும்பிடவே மாட்டேங்குறா, அதனாலதான் வெயிட் ஏறலன்னு அம்மா சொல்றாங்க. அம்மா கோயில்ல இருந்து கொண்டுவந்து கட்டுன கயித்தைக் கழட்டுனாதான் உள்ள விடுவோம்னு சிஸ்டர் சொல்லிட்டாங்க, அதனால நான் இன்னும் பாப்பாவைத் தொடல. நட்சத்திரமும் சரியில்லங்குறாங்க. இந்த நேரத்துல நம்பிக்கையை எப்படிண்ணா காப்பாத்திக்கிறது?

தம்பி,

நட்சத்திரத்தை விடு. அதுக்கு நான் ஒரு வரி எழுத மாட்டேன்.

போன வாரம் பீரோவை ஒழிச்சப்ப என் கயிறு கைல கிடைச்சுது. அதை வெச்சுட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன், ரெண்டு நாள்ல உன் கடிதம் வருது. அதான் உடனே எழுதுறேன்.

முதல்ல உன்னைத் திட்டணும். பத்து நாளாச்சு, நீ இன்னும் உன் பொண்ணைத் தொடலயா? குறைமாசக் குழந்தைங்களுக்குப் பொதுவா முதல் வாரத்துல வெயிட் இறங்கும், பொறந்த வெயிட்டுக்குத் திரும்ப வர்றதுக்கே ரெண்டு வாரம் ஆகும், இதை டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லிருப்பாங்க. அதை விட்டுட்டு, வயித்துல தையலோ வலியோ எதுவா இருந்தாலும் மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா, நடுராத்திரியும் எந்திரிச்சு பால் பீய்ச்சிக் கொடுத்துட்டு இருக்குற பொண்ணு மேல பழியைப் போடுறாங்க, நீ வாயைத் திறக்காம நிக்கிற. பிரசவத் தீட்டுன்னு அவளை பூஜை ரூம் பக்கமே விட்டிருக்க மாட்டீங்க, அப்புறம் ஏன் சாமி கும்பிடலன்னு கேக்குறது என்ன நியாயம்? அம்மாகிட்ட இன்னைக்கே பேசு. கோவமா வேண்டாம், அவங்களும் பயத்துலதான் பேசுறாங்க. ஆனா பேசு.

எங்க பொண்ணு 30 வாரத்துல பொறந்தா. ஏற்காட்டுல இருந்து ராத்திரி ஒரு ஜீப்ல, இருபது கொண்டை ஊசி வளைவையும் என் மனைவி என் தோள்பட்டையைக் கவ்வி கடிச்சுட்டேதான் இறங்குனா. எங்கம்மா மறுநாளே சேர்வராயன் கோயில் குகைக்குள்ள குனிஞ்சு போய் வேண்டிக்கிட்டு ஒரு மஞ்சக் கயிறு கொண்டுவந்து எனக்குக் கட்டிட்டாங்க. என்.ஐ.சி.யு. வாசல்ல கை கழுவுற இடத்துல சிஸ்டர் சொன்னாங்க, மோதிரம், வாட்ச், கயிறு எல்லாம் கழட்டுங்க, முழங்கை வரைக்கும் சோப்பு போடுங்கன்னு. நான் கையைப் பின்னாடி இழுத்துக்கிட்டேன். அவங்க கோவப்படல. "ஈர நூல்ல கிருமி தங்கும் சார், பாப்பாவுக்குத் தாங்காது"ன்னாங்க. முடிச்சு நனைஞ்சு இறுகிருச்சு, அவுக்க வரல, கத்திரிக்கோல் எடுத்து அவங்களே வெட்டுனாங்க. வெட்டுனதைக் குப்பைல போடல தம்பி. கிளவுஸ் சுத்தி வர்ற வெள்ளைப் பேப்பர் இருக்குல்ல, அதுல மடிச்சு, மேல பேனாவால பெட் நம்பர் எழுதி என் சட்டைப் பையில வெச்சாங்க.

உள்ள போய் அஞ்சு நிமிஷம் இருக்காது, மானிட்டர் கத்துது, பாப்பா மூச்சு விடல, உதடு நீலமாகுது. அந்த சிஸ்டர் ஓடல, பதறல. பாப்பாவோட உள்ளங்கால்ல விரலால ரெண்டு சுண்டு சுண்டுனாங்க. மூச்சு வந்துருச்சு. மூச்சு விடச் சொல்ற மூளைப் பகுதி இன்னும் முதிரல சார், அதுக்குத்தான் காஃபீன் மருந்து போகுதுன்னாங்க. காப்பில இருக்குற காஃபீனான்னு கேட்டேன். அதேதான்னாங்க. எங்க தாத்தா காலத்துல இருந்து நாங்க காப்பிப் பழம் பறிக்கிற குடும்பம், மூச்சை மறந்த குழந்தைக்கு அதுதான் மருந்துன்னு எங்க யாருக்கும் தெரியாது. நான் அந்த விரலையே பாத்துட்டு நின்னேன். நன்றி அப்பதான் வந்துச்சு, யாரும் சொல்லாமலே வந்துச்சு, தொண்டை அடைச்சுருச்சு. அதுக்கு முன்னாடி எத்தனை பேர் சொல்லியும் வரல. உனக்கு வரலன்னா விட்டுடு, அதுல பாவம் ஒண்ணும் இல்ல.

இப்ப நீ செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. பாப்பாவை கங்காரு முறையில நெஞ்சுல வெச்சுக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளு. 1978-ல கொலம்பியாவுல, பொகோட்டா ஊர் ஆஸ்பத்திரில இன்குபேட்டர் பத்தாமத்தான் இதை ஆரம்பிச்சாங்க, இன்னைக்கு உலகமே செய்யுது, 2022-ல உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துல இருந்து 24 மணி நேரம் வரைக்கும் வெச்சுக்கச் சொல்லிருக்கு. அம்மாதான் வெச்சுக்கணும்னு இல்ல, அப்பாவும் வெச்சுக்கலாம். சட்டை பட்டனைத் திறந்துட்டு சாஞ்சு உக்காரு, நாப்கினும் குல்லாவும் மட்டும் போட்டு பாப்பாவை நிமித்தி உன் வெறும் நெஞ்சுல படுக்க வெப்பாங்க. டாக்டர் இன்னைக்கு வேண்டாம்னு சொன்னா நாளைக்குக் கேளு, நாளைக்கும் வேண்டாம்னா மறுநாள் கேளு. நீ வெச்சுட்டு இருக்குற நேரம் உன் மனைவி தூங்கட்டும். திரும்பத் திரும்ப சொல்றேன்னு நினைக்காத, நீ வெச்சுக்கோ, அவ தூங்கட்டும்.

எனக்கு மூணாவது வாரம்தான் குடுத்தாங்க. ஒரு பூனைக்குட்டி கனம். சட்டைப் பையில அந்தப் பேப்பர் மடிப்பு அப்படியே இருந்துச்சு, பாப்பா அசையுறப்ப எல்லாம் அது சரசரன்னு சத்தம் போட்டுச்சு.

அடுத்த வருஷம் மே மாசத் திருவிழாவுக்கு அவளைத் தூக்கிட்டுத்தான் சேர்வராயன் குகைக்குள்ள போனோம். உனக்கும் மாரியம்மன் எங்கயும் போயிடப் போறதில்ல.

நாளைக்குக் காலைல கயித்தைக் கழட்டிப் பையில வெச்சுட்டு உள்ள போ. போயிட்டு வந்து எழுது. வெயிட் எழுத வேண்டாம், பாப்பா யார் ஜாடைன்னு எழுது.