நெய், தயிர் சேர்க்காமல், குழந்தைகளும் சாப்பிடும்படி பழம் போட்ட பருப்பு எப்படிச் செய்வது?

ஆந்திராவில் துவரம்பருப்போடு மாங்காய் சேர்த்துச் செய்யும் 'மாமிடிகாய பப்பு'வையே கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். குழந்தைகளுக்கென்றால் செங்காயாக இருக்கும் மாம்பழம் நல்லது. புளிப்பு அடங்கி லேசான இனிப்பு வரும்.

நாலு பேருக்கு 1 கப் பருப்பு, 3 கப் தண்ணீர், கொஞ்சம் மஞ்சள்தூள். முதலில் பருப்பு மட்டும் குழைய வேக வேண்டும். பலரும் சறுக்குவது இங்கேதான். பழத்தையும் சேர்த்தே குக்கரில் வைத்தால், அந்தப் புளிப்பு பருப்பைச் சரியாக வேகவிடாது. வெந்த பிறகு பழத்துண்டுகளும் உப்பும் போட்டு 5 நிமிடம் கொதிக்கவிடுங்கள்.

அப்புறம் நல்லெண்ணெயில் கடுகு, சீரகம், பெருங்காயம், கறிவேப்பிலை தாளியுங்கள். வற்றல் மிளகாயைக் கிள்ளாமல் முழுசாகப் போட்டால் வாசனை வரும், காரம் அவ்வளவாக இறங்காது. காரம் கேட்கும் பெரியவர்களுக்கு ஊறுகாய் இருக்கவே இருக்கிறது.