பூஞ்சை ஒட்டாத பிளாஸ்டிக்: எந்த காலேஜ் என்று கேட்ட அம்மாவுக்கு

உங்கள் மெயிலைப் படித்தேன் அம்மா. மகள் பயோ-மேத்ஸ், மார்க் நன்றாகவே இருக்கிறது, நீட் பக்கம் போகமாட்டேன், பூஞ்சை பிடிக்காத பிளாஸ்டிக்கில் மருத்துவக் கருவி செய்யப் போகிறேன் என்கிறாள்; அப்பாவோ பிளாஸ்டிக் படித்துவிட்டுக் குடம், பக்கெட் விற்கவா என்கிறார். 'பூஞ்சை ஒட்டாத பிளாஸ்டிக்' என்ற பெயரில் எனக்குத் தெரிந்து பி.டெக். கிடையாது. யாராவது இருக்கிறது என்று பிராஸ்பெக்டஸை நீட்டினால், முதலில் லேபைக் காட்டச் சொல்லுங்கள்.

ஆனால் பெண் சொல்வது கற்பனை இல்லை. 2020-ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் நூற்றுக்கணக்கான அக்ரிலேட் வகை பாலிமர்களை, அதாவது பிளாஸ்டிக் பொருட்களை, சோதித்து, கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற பூஞ்சை ஒட்டத் தடுமாறும் சிலவற்றைக் கண்டுபிடித்தார்கள். அவை பூஞ்சையைக் கொல்வதில்லை, உட்கார இடம் கொடுப்பதில்லை, அவ்வளவுதான். தொண்டைப் புற்றுநோயால் குரல்வளையை எடுத்தவர்களுக்கு வைக்கும் குரல் வால்வின் பாகத்தை அதே பொருளில் 3டி பிரிண்டரில் அச்சிட்டும் பார்த்தார்கள். வழக்கமான சிலிகான் வால்வில் பூஞ்சை ஏறிவிட்டால் மூடி சரியாக மூடாது, குடிக்கிற தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் கசியும், சில மாதத்தில் மாற்றியாக வேண்டும்.

இதற்கு மாதிரி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. மாமியார் ராத்திரி கூட பல்செட்டைக் கழற்றமாட்டார் என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்களே, அதை வாங்கி அண்ணத்தில் உட்காரும் பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள், வழவழவென்று ஒரு படலம் இருக்கும். கேண்டிடாவுக்கு மிகவும் பிடித்த இடம் அது. முதலில் ஒரு செல் ஒட்டும், அப்புறம் நூல் விடும், மேலே பிசின் போல மூடிக்கொள்ளும், மூடிக்கொண்டபின் மருந்து சரியாக வேலை செய்யாது. ரத்தக் குழாயில் செருகிய கதீட்டரில் இது நடந்தால் பெரும்பாலும் டியூபையே உருவிவிடுகிறார்கள். பூஞ்சையின் செல் நம் செல்லைப் போன்றது என்பதால் நம்மை விட்டு அதை மட்டும் கொல்லும் மருந்துகளும் குறைவு. வேடிக்கை என்னவென்றால் பல்செட்டும் அக்ரிலிக், பூஞ்சை ஒட்டாத பிளாஸ்டிக்கும் அதே குடும்பம். மூலக்கூறின் ஓரத்தில் தொங்கும் அணுக்களின் தொகுதி மாறினால் ஒட்டுவதும் மாறுகிறது. அதனால் மகள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது கெமிஸ்ட்ரியை. (பல்செட்டைத் தினமும் ராத்திரி கழற்றி, தேய்த்துக் கழுவி, பச்சைத் தண்ணீரில் போடச் சொல்லுங்கள். வெந்நீர் வேண்டாம், வளைந்துவிடும்.)

நானாக இருந்தால் முதல் டிகிரியைப் பாலிமர் பக்கம் எடுப்பேன். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ரப்பர் அண்ட் பிளாஸ்டிக்ஸ் டெக்னாலஜி இருக்கிறது, பொறியியல் கவுன்சிலிங்கிலேயே வரும். கிடைக்காவிட்டால் நல்ல கல்லூரியில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, பிறகு கிண்டியில் மத்திய அரசின் பிளாஸ்டிக் கல்வி நிறுவனமான சிப்பெட்டில் பிளாஸ்டிக் சோதனைக்கான முதுநிலை டிப்ளமோ. நேரே மைக்ரோபயாலஜி எடுப்பதில் எனக்கு உடன்பாடு குறைவு, அந்த டிகிரியோடு நிறுத்திவிட்டால் கிடைக்கிற லேப் வேலையில் சம்பளம் போதாது. பூஞ்சையைப் பிறகு படித்துக்கொள்ளலாம். கேட் என்ற நுழைவுத் தேர்வை எழுதி எம்.டெக்., அப்புறம் ஆராய்ச்சி என்று போனால் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா, நம் நாட்டிலேயே செயற்கை இதய வால்வு செய்த இடம், கண்ணில் இருக்கட்டும்.

அப்பாவிடம் சம்பளத்தை மறைக்காதீர்கள். முதல் வேலை பெரும்பாலும் கதீட்டர், சிரிஞ்சு, ரத்தப்பை செய்யும் கம்பெனியின் தரச் சோதனைப் பிரிவில்தான், ஐ.டி. அளவுக்குத் தொடக்கத்தில் வராது. ஆனால் 2017 மருத்துவக் கருவி விதிகளுக்குப் பிறகு, கருவியின் பொருள் உடம்புக்குக் கெடுதல் செய்யுமா என்று பார்க்கும் ஐ.எஸ்.ஓ. 10993 சோதனைகளைச் செய்து ஒழுங்காக ரிப்போர்ட் எழுதத் தெரிந்தவர்களுக்கு மதிப்பு கூடியிருக்கிறது.

கடைசியாக மகளிடம் ஒன்று சொல்லிப் பாருங்கள். பிளாஸ்டிக்கில் பூஞ்சை வளருமா என்று பார்க்க ஏ.எஸ்.டி.எம். ஜி21 என்று ஒரு சோதனை உண்டு: துண்டின்மேல் பூஞ்சை வித்தைத் தெளித்து, வெதுவெதுப்பான ஈரத்தில் 28 நாள் வைத்து, எவ்வளவு படர்ந்தது என்று 0-லிருந்து 4 வரை மதிப்பெண் போடுவார்கள். சொதப்பினால் மறுபடி 28 நாள். அதைக் கேட்டு அவள் சலித்துக்கொண்டால் கம்ப்யூட்டர் சயின்ஸில் போடுங்கள், தப்பே இல்லை. எந்தப் பூஞ்சையைத் தெளிப்பார்கள் என்று திருப்பிக் கேட்டால், கவுன்சிலிங் சாய்ஸ் லிஸ்ட்டை லாக் பண்ணுவதற்கு முன் அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.