வலி மாத்திரையை நிறுத்தி ஐந்து நாள் ஆகியும் இரவில் கால் துள்ளுகிறது, தூக்கமே இல்லை. நரம்பு கெட்டுவிட்டதா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிக்கொள்கிறேன். நான்கு மாதமாக நண்பர்களோடு சேர்ந்து வலி மாத்திரை போட்டிருக்கிறீர்கள். முதலில் சனி, ஞாயிறு மட்டும், அப்புறம் கிட்டத்தட்ட தினமும். நிறுத்தி ஐந்து நாள் ஆகிறது. படுத்தால் கால் துள்ளுகிறது, கண்ணிமையும் தோளும் துடிக்கின்றன, இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் இல்லை. வீட்டில் யாருக்கும் தெரியாது. பீர் குடித்தால் தூக்கம் வரும் என்று நண்பர் சொல்கிறார்.

பீர் வேண்டாம். காரணத்தைக் கீழே சொல்கிறேன், ஆனால் இன்று இரவே குடித்துவிடப் போகிறீர்கள் என்ற பயத்தில் இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்த ஐந்தாவது இரவு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். 2021ல் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் தங்கி உணவு டெலிவரி வேலை பார்த்தேன். நாள் முழுக்க பைக். இரவு பன்னிரண்டு மணிக்கு அறைக்கு வரும்போது முதுகு விறைத்துக் கிடக்கும். பக்கத்து அறைக்காரன் ஒரு மாத்திரை கொடுத்தான். டேபென்டடால். முதுகு வலி போனது, அதோடு சேர்ந்து மனதில் இருந்த பாரமும் இறங்கியது. அந்த இரண்டாவது விஷயத்துக்காகத்தான் மறுநாளும் போய்க் கேட்டேன். அப்படியே எட்டு மாதம் ஓடியது.

ஒரு நாள் மாத்திரை கிடைக்கவில்லை. சரி, இதோடு விட்டுவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் காலை கொட்டாவியில் ஆரம்பித்தது. தாடை கழன்றுவிடுமோ என்கிற மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டாவி. கண்ணிலும் மூக்கிலும் நீர். ஏப்ரல் மாத வெயிலில் கை மயிர் குத்திட்டு நின்றது. இரவு படுத்ததும் கால் ஆரம்பித்தது.

அந்த இரும்புக் கட்டிலின் கால்மாட்டில் ஒரு போல்ட் தளர்ந்திருக்கும். கால் வெட்டி இழுக்கும்போதெல்லாம் அது ‘டிங்’ என்று ஒலிக்கும். கண் சொக்கும், கால் வெட்டும், டிங், முழிப்பு. கிட்டத்தட்ட அரை நிமிடத்துக்கு ஒரு முறை. என் அறையில் இருந்த அண்ணன் ஒருவர், காலை ஆறு மணி ஷிப்ட்டுக்குப் போக வேண்டியவர், ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து வந்து ஒரு அட்டைத் துண்டை மடித்து அந்த போல்ட்டில் செருகிவிட்டுப் போய்ப் படுத்தார். அப்புறம் சத்தம் நின்றது, கால் நிற்கவில்லை. கெண்டைக்காலுக்குள்ளே எதுவோ ஊர்கிற மாதிரி ஒரு தவிப்பு. நடந்தால் அடங்கும், உட்கார்ந்தால் மறுபடி வரும். மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தேன், பால் வண்டி வருகிற வரைக்கும்.

இதில் நான் செய்த தப்பைச் சொல்வதற்காகத்தான் இந்தப் பதிலையே எழுதுகிறேன். மூன்றாம் நாள் தெருமுனை கிளினிக்குக்குப் போய், “கால் இழுக்குது டாக்டர், தூக்கம் இல்ல” என்று மட்டும் சொன்னேன். மாத்திரை பற்றி மூச்சு விடவில்லை. அவர் வைட்டமின் ஊசி போட்டுக் கால்சியம் எழுதிக் கொடுத்தார். நான் சொன்னதை மட்டும் கேட்ட யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள். மறுநாள் நானே மருந்துக்கடையில் பெனிரமின் வாங்கினேன். சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கிற மாத்திரை, போட்டால் தூக்கம் தூக்கமாக வருமே, அது. இரண்டாகப் போட்டேன். எனக்கு வந்த இரவுகளிலேயே மோசமான இரவு அதுதான். இமை கல்லாகக் கனக்கிறது, கால் மட்டும் தனி ஆளாகக் குதிக்கிறது. தூக்கம் வரவைக்கும் பழைய வகை அலர்ஜி மாத்திரைகள் கால் தவிப்பை இன்னும் கிளப்பிவிடக்கூடியவை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடும் அப்படித்தான். போதை மாத்திரையை நிறுத்தும் நாட்களில் வாந்தியும் வருமென்பதால், கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வது எவ்வளவு எளிதென்று யோசித்துப் பாருங்கள்.

ஐந்தாம் நாள் இரவு அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போனேன். ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே சிஸ்டர் கேட்டார்: “என்ன போட்டே தம்பி? எத்தனை? கடைசியா எப்போ?” காய்ச்சல் எத்தனை நாளாக என்று கேட்கிற அதே குரல். அதட்டல் இல்லை. நான் அழுதுவிட்டேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அப்புறம் ஒரு இளம் டாக்டர் வந்து கண்ணில் டார்ச் அடித்துக் கண் பாப்பாவைப் பார்த்தார், காய்ச்சல் பார்த்தார், சிறுநீர் என்ன நிறத்தில் போகிறது என்று கேட்டார். பிறகு என் பாதத்தைப் பிடித்துச் சட்டென்று மேல் நோக்கி அழுத்திப் பிடித்தபடி கணுக்காலையே கவனித்தார். எதற்கு என்று அன்றைக்குப் புரியவில்லை.

இப்போது புரிகிறது. தசை துடிப்பதும் தூக்கம் கெடுவதும் ஒரே மாதிரிதான் தெரியும், ஆனால் பின்னால் இருக்கும் காரணங்கள் வேறு வேறு. ஒன்றுக்குக் கொடுக்கிற மருந்து இன்னொன்றில் ஆளையே கொன்றுவிடலாம்.

எனக்கு வந்தது, நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களுக்கும் வந்திருப்பது, மருந்து உடம்பை விட்டுப் போவதால் வரும் தவிப்பு. டேபென்டடால், டிரமடால், கோடீன் எல்லாம் அபின் செய்கிற வேலையைச் செய்பவை. மூளைத் தண்டில் உடம்பை விழிப்பாக வைத்திருக்க நார்அட்ரினலின் சுரக்கும் சின்ன இடம் ஒன்று உண்டு. அபின் வகை மருந்து அதை அமுக்கிவைக்கும். மாதக்கணக்கில் அமுக்கினால், அதை ஈடுகட்ட அந்த இடம் இன்னும் வேகமாக ஓடப் பழகிவிடும். திடீரென்று அமுக்கும் கையை எடுத்தால் என்ன ஆகும்? வியர்வை, படபடப்பு, பேதி, மயிர்க்கூச்சம், தூக்கமின்மை எல்லாம் ஒன்றாகப் பாயும். கால் தவிப்புக்கும் அபினுக்கும் உறவு பழசு. இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1672லேயே, கை கால் துள்ளித் தூங்க முடியாமல் தவித்த நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் கொடுத்த மருந்து அபின் கரைசல். அந்தத் துள்ளலை எது அடக்குமோ, அதற்கே உடம்பு பழகிய பிறகு அதைப் பறித்தால் துள்ளல் திரும்பி வருவதில் ஆச்சரியமில்லை. நரம்பு செத்துப்போகவில்லை. அதிகமாக முறுக்கேறி நிற்கிறது, அவ்வளவுதான்.

இந்த வகை மாத்திரைகளில் தவிப்பு பெரும்பாலும் கடைசி மாத்திரைக்குப் பிறகு ஒரு நாளுக்குள் தொடங்கும், இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும், ஒரு வாரம் பத்து நாளில் தணியும். தூக்கம் மட்டும் கடைசியாகத்தான் திரும்பும், சில வாரம் இழுக்கலாம். கண்ணிமைத் துடிப்பைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். ஐந்து நாள் தூங்காமல் டீயாகக் குடிக்கிற யாருக்கும் அது வரும். தூங்கப் போகும் நொடியில் படிக்கட்டில் தவறி விழுகிற மாதிரி ஒரு துள்ளல் வந்தால், அதுவும் மாத்திரையே தொடாதவர்களுக்கும் வருவதுதான்.

ஆனால் துடிப்பு மாத்திரை போட்ட சில மணி நேரத்திலேயே வந்தால் கதை வேறு. டிரமடாலோடு மனச்சோர்வு மாத்திரை, அல்லது இருமல் மருந்தில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெதார்ஃபன், அல்லது பார்ட்டிகளில் ஓடும் எம்டிஎம்ஏ சேர்ந்தால் உடம்பில் செரோட்டோனின் என்ற நரம்பு ரசாயனம் அளவு மீறிப் போகலாம். கால் விறைக்கும், பாதத்தை மேலே அழுத்தினால் கணுக்கால் தானாக டக் டக் என்று அடித்துக்கொண்டே இருக்கும், காய்ச்சல் ஏறும், கண் பாப்பா விரியும். அந்த டாக்டர் என் கணுக்காலில் தேடியது இதைத்தான். 1984ல் நியூயார்க்கில் லிபி சியோன் என்ற பதினெட்டு வயது கல்லூரி மாணவி காய்ச்சலோடும் உடல் வெட்டி இழுப்போடும் மருத்துவமனைக்குப் போனார். மனச்சோர்வுக்கு ஃபெனல்சின் சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கு, அதோடு சேரவே கூடாத பெத்திடின் என்ற அபின் வகை ஊசி போடப்பட்டது. விடிவதற்குள் காய்ச்சல் உச்சத்துக்குப் போய் இறந்துவிட்டார். அதன் பிறகுதான் அந்த மாநிலத்தில் பயிற்சி டாக்டர்களின் வேலை நேரத்துக்கே வரம்பு வந்தது. இதைப் படித்த அன்று, கிளினிக்கில் நான் மறைத்துவிட்டு உட்கார்ந்திருந்த நாற்காலிதான் நினைவுக்கு வந்தது.

அதனால் காய்ச்சல், கை கால் விறைப்பு, குழப்பமான பேச்சு, வலிப்பு, இல்லாத உருவங்கள் தெரிவது, கறுத்த டிகாக்ஷன் நிறத்தில் சிறுநீர், இதில் ஒன்று இருந்தாலும் காலைவரை காத்திருக்காதீர்கள். 108க்குக் கூப்பிடுங்கள். அந்த நிறத்தில் சிறுநீர் போனால் தசை உடைந்து சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கலாம். இன்னொன்று, நீங்கள் கேள்வியில் எழுதாதது: நடுவில் அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரையும் தினமும் போட்டிருந்தீர்களா? தினமும் குடித்தீர்களா? அவற்றைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. அதை வீட்டில் தனியாகத் தாங்கிப் பார்க்கவே கூடாது.

இனி பீர். அது முதல் இரண்டு மணி நேரம் அசத்திவிட்டுப் பின்னிரவுத் தூக்கத்தை உடைத்துவிடும், கால் தவிப்பையும் கூட்டும். அதைவிடப் பெரிய பயம் எனக்கு வேறு. தூக்கமில்லாத ஆறாவது இரவில் பீர் குடித்தவர் கையில் பழைய மாத்திரை ஒன்று கிடைத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். நிறுத்திய சில நாளிலேயே உடம்பின் தாங்கும் அளவு இறங்கிவிடுகிறது. முன்பு சாதாரணமாகப் போட்ட அதே அளவு, மதுவோடு சேர்ந்தால், தூக்கத்திலேயே மூச்சை நிறுத்திவிடும்.

தவிப்பை அடக்க எனக்கு அங்கே குளோனிடின் கொடுத்தார்கள், ஒவ்வொரு முறையும் ரத்த அழுத்தம் பார்த்த பிறகே. அழுத்தத்தைச் சட்டென்று இறக்கிவிடும் மருந்து, நீங்களாக வாங்காதீர்கள். ரொம்ப நாள், ரொம்ப அதிகமாகப் போட்டவர்களுக்கு பியூப்ரெனார்ஃபின் என்ற மாற்று மருந்தை வைத்துப் படிப்படியாக இறக்குவார்கள். ரத்தத்தில் ஃபெரிட்டின், அதாவது உடம்பில் இருக்கும் இரும்புச் சேமிப்பின் அளவு, பார்த்ததில் எனக்கு இரும்புச்சத்து குறைவு என்று தெரிந்தது. அது குறைந்தாலும் கால் தவிக்கும், கேட்டுப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மற்றபடி ஒரு பக்கெட் வெந்நீரில் முழங்கால்வரை பதினைந்து நிமிடம், கெண்டைக்காலில் நல்லெண்ணெய் தேய்ப்பு, பேதிக்கு ஓஆர்எஸ், மதியத்துக்குப் பிறகு டீ காபி கிடையாது. கால் துள்ளினால் படுத்தபடி சண்டை போடாமல் எழுந்து நடந்துவிடுவேன். ஏழாவது இரவு நான்கு மணி நேரம் தூங்கினேன். அப்புறம் கொஞ்ச நாள் கனவாகக் கொட்டியது. ஐந்து வாரத்தில் தூக்கம் சரியானது.

போலீஸ் பயம் எனக்கும் இருந்தது. மருத்துவரிடம் சொல்வது ரகசியம். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அந்த உரிமையைத் தந்திருக்கிறது. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்திலும் 64ஏ பிரிவு இருக்கிறது. உபயோகித்ததற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியவர்கூட, தானாக முன்வந்து அரசு அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சையை முடித்தால் அந்த வழக்கிலிருந்து விலக்கு கிடைக்கும். நேரில் போகக் கால் வரவில்லையென்றால் 14446 போதை மீட்பு உதவி எண், 14416 மனநல உதவி எண், இரண்டுமே இலவசம். வீட்டைப் பொறுத்தவரை, நான் அம்மாவிடம் மூன்றாவது வாரம்தான் சொன்னேன். அவர் முதலில் கேட்டது “இப்போ தூங்குறியாப்பா?” என்றுதான்.

நாளைக் காலை அரசு மருத்துவமனையில் ஓபி சீட்டு போட்டு மனநலப் பிரிவு என்று சொல்லுங்கள். இன்று இரவு எப்படியும் முழித்துத்தான் இருக்கப் போகிறீர்கள், ஒரு தாளில் எழுதி வையுங்கள்: என்ன மாத்திரை, ஒரு நாளைக்கு எத்தனை, கடைசியாக எப்போது, கூட வேறு என்னென்ன. பேச நா எழவில்லையென்றால் அந்தத் தாளை நீட்டினால் போதும். காலி அட்டை எங்காவது கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதையும் சட்டைப் பையில் எடுத்துக்கொண்டு போங்கள்.