டி.சி.யை அவசரப்பட்டு வாங்காதீர்கள்

கேள்வி: மகள் சென்னையில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் பி.டெக். கம்ப்யூட்டர் சயின்ஸ் முதலாண்டு முடிக்கிறாள். இரண்டாம் ஆண்டை இதே ஊரில் வேறொரு தனியார் பல்கலைக்கழகத்தில் படிக்க ஆசைப்படுகிறாள். முடியுமா?
– வாசகி, தாம்பரம்

பதில்: முடியும். ஆனால் சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்பது முழுக்க அந்தப் பல்கலைக்கழகத்தின் முடிவு. எஸ்.ஆர்.எம்., சத்யபாமா, ஹிந்துஸ்தான், கிரசென்ட் எல்லாம் சென்னையிலும் அதன் ஓரத்திலும்தான் இருக்கின்றன. ஆனாலும் பாடத்திட்டம், தேர்வு, பட்டம் எல்லாம் அவரவருக்குத் தனி. விளம்பரத்தில் வரும் 'லேட்டரல் என்ட்ரி' (நேராக இரண்டாம் ஆண்டில் சேர்வது) உங்களுக்கானது அல்ல. அது டிப்ளமோவோ பி.எஸ்சி.யோ முடித்தவர்களுக்கு. நீங்கள் கேட்க வேண்டியது கிரெடிட் டிரான்ஸ்ஃபர். அதாவது, இங்கே தேறிய பேப்பர்களுக்கான கிரெடிட்டை (ஒவ்வொரு பேப்பருக்கும் உள்ள மதிப்பு அலகு) அங்கே ஏற்றுக்கொள்வது.

அட்மிஷன் கவுன்ட்டரில் "வாங்க, பாத்துக்கலாம்" என்பார்கள். அதை நம்பி எதுவும் செய்யாதீர்கள். டீன் (அகாடமிக்ஸ்) அலுவலகத்துக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். இரண்டு செமஸ்டர் மார்க் ஷீட், கிரேடு கணக்கிடும் முறை அச்சான பக்கம், படித்த ஒவ்வொரு பேப்பரின் சிலபஸ் மூன்றையும் இணைக்க வேண்டும். சிலபஸ் யூனிட் வாரியாக இருக்கட்டும். பேப்பர் பெயரை மட்டும் கொடுத்தால் ஒப்பிட வழியில்லாமல் கழித்துவிடுவார்கள்.

சிக்கல் வருவதே இந்த ஒப்பீட்டில்தான். இங்கே முதலாண்டில் சி புரோகிராமிங், அங்கே பைதான். இங்கே கணிதம் 3 கிரெடிட், அங்கே 4. இங்கே வேதியியல் முடிந்திருக்கும், அங்கே அந்த இடத்தில் இன்ஜினீயரிங் கிராஃபிக்ஸ் இருக்கும். பொருந்தாத ஒவ்வொரு பேப்பரையும் இரண்டாம் ஆண்டுப் பாடங்களோடு சேர்த்து எழுத வேண்டும். ஒன்றிரண்டு என்றால் சமாளிக்கலாம். ஐந்தாறு சேர்ந்தால், முதலாண்டு வகுப்பும் இரண்டாம் ஆண்டு வகுப்பும் ஒரே நேரத்தில் வந்து இடிக்கும். அப்போது ஓராண்டு தாமதம் ஏறக்குறைய நிச்சயம். மாறாமல் இருப்பதே நல்லது.

எத்தனை கிரெடிட் ஏற்கப்படும், எந்தெந்தப் பேப்பர் பாக்கி, எந்த செமஸ்டரில் சேர்ப்பார்கள் என்ற மூன்றும் பதிவாளர் கையெழுத்தோடு வந்த பிறகே இங்கே டி.சி.யும் மைக்ரேஷன் சான்றிதழும் கேளுங்கள். டி.சி. வாங்கிவிட்டால் இங்கே உள்ள இடம் போய்விடும். அரியர் இருந்தால் முதலில் அதை முடிக்கட்டும்.

ஏ.பி.சி. எனப்படும் கிரெடிட் வங்கிக் கணக்கை இப்போதே அரசின் ஆவணச் செயலியான டிஜிலாக்கரில் திறந்து பாருங்கள். கிரெடிட்டைப் பல்கலைக்கழகம்தான் ஏற்றும், மாணவர் ஏற்ற முடியாது. நம் பிள்ளைகளுக்கு அடிக்கடி இடிப்பது இனிஷியல்: மார்க் ஷீட்டில் முன்னால் ஒற்றை எழுத்து, ஆதாரில் பின்னால் அப்பாவின் முழுப்பெயர். பெயர் பொருந்தாமல் கணக்கு காலியாகவே நிற்கும். திருத்தத்துக்கு நாளாகும் என்பதால் இதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. வேறு இடத்தில் சீட் கிடைத்துவிட்டது. கட்டிய பணம் திரும்ப வருமா?
– வாசகர், ஆவடி

பதில்: யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி, நீங்கள் சேர்ந்த தேதி கணக்கில்லை; பல்கலைக்கழகம் அறிவித்த சேர்க்கைக் கடைசி நாள்தான் கணக்கு. அந்த நாளுக்கு 15 நாளோ அதற்கும் முன்போ விலகினால் முழுத்தொகை. நடைமுறைச் செலவாக 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் மட்டும் பிடிக்கலாம். அதற்குப் பிறகு, கடைசி நாளுக்கு முன்பு என்றால் 90 சதவீதம். கடைசி நாள் கடந்து 15 நாளுக்குள் 80, 30 நாளுக்குள் 50. அதன் பின் ஒன்றுமில்லை. விலகல் கடிதத்தை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், தேதிக்கு அதுவே சாட்சி. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்க அவர்களுக்கு உரிமை இல்லை. கல்விக்கடன் வாங்கியிருந்தால் வங்கிக்கும் உடனே சொல்லுங்கள். கடன் ஒப்புதல் பழைய கல்லூரியின் பெயரில் இருக்கிறது, புதிய இடத்துக்குத் தானாக மாறாது.

கேள்வி: மூன்றாம் ஆண்டில் மாறலாமா?
– வாசகர், போரூர்

பதில்: வேண்டாம். ஏ.பி.சி. விதிப்படி, பட்டம் தரும் இடத்தில் குறைந்தது பாதி கிரெடிட் எடுத்திருக்க வேண்டும். மொத்தம் 160 என்றால் 80. இரண்டாண்டு முடிந்து போனால் மீதி அந்த எல்லையிலேயே நிற்கும். இங்கே இன்னும் ஒரு செமஸ்டர் படித்துவிட்டுப் போனாலும் இடறும். வேலைக்கான கேம்பஸ் தேர்வுகளும் அப்போதுதான் நெருங்கும்.