எந்த நகைக்கு எந்த உலோகம்? கேள்விகளும் பதில்களும்

தங்கம், வெள்ளி, பிளாட்டினம் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். உலோகத்தைத் தீர்மானிக்கும்போது முதலில் அந்த நகை எதில் உரசப்போகிறது என்று பாருங்கள். அடுத்தது, எந்தக் கல்லைத் தாங்கப்போகிறது. மூன்றாவது, பழுதானால் உங்கள் ஊரில் அதில் யார் கைவைப்பார்கள். நிறம், மறுவிற்பனை எல்லாம் இந்த மூன்றுக்கும் பிறகுதான்.

கேள்வி (மதுரை): நிச்சயத்துக்கு ஒற்றைக் கல் வைர மோதிரம் எடுக்கிறோம். வீட்டில் பெரியவர்கள் 22 கேரட்தான் வேண்டும் என்கிறார்கள். கடையில் 18 கேரட்தான் செய்வோம் என்கிறார்கள். தரம் குறைத்து ஏமாற்றுகிறார்களா ஐயா?

பதில்: இல்லை, இந்த விஷயத்தில் கடைக்காரர் சொல்வது சரி. 22 கேரட் என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம். மீதிதான் செம்பும் வெள்ளியும். அது மிருதுவான உலோகம். ஓபன் செட்டிங்கில் கல்லைக் கவ்விப் பிடிப்பது ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள நான்கைந்து நகங்கள். பாத்திரம் கழுவும்போதும் பஸ் கம்பியைப் பிடிக்கும்போதும் அவை கொஞ்சம் கொஞ்சமாக நிமிரும். ஒருநாள் கல் இருக்காது. 18 கேரட்டில் கால் பங்கு வேறு உலோகம் சேர்வதால் நகங்கள் கெட்டியாக நிற்கும்.

பெரியவர்கள் பிடிவாதமாக இருந்தால் குளோஸ் செட்டிங் கேளுங்கள். கல்லைச் சுற்றித் தங்கச் சுவர் எழுப்பி மடித்துவிடுவார்கள். அதற்கு 22 கேரட் தாங்கும். கல்லின் பளபளப்பு சற்றுக் குறையும். வளையம் 22, தலை 18 என்று கலந்து செய்யச் சொல்லாதீர்கள், அந்த மோதிரத்துக்கு 916 ஹால்மார்க் முத்திரை கிடைக்காது.

நீங்கள் கவனமாக இருக்க வேண்டியது பில்லில். கணக்குக்காக 24 கேரட் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 22 கேரட் 9,160, 18 கேரட் 7,500. எடையும் குறையும்: 22 கேரட்டில் 4 கிராம் வரும் அதே மாடல் 18 கேரட்டில் ஏறக்குறைய மூன்றரை கிராம்தான். 18 கேரட் மோதிரத்துக்கு 22 கேரட் விலை போட்டிருந்தால், ஏமாற்று அங்கேதான் இருக்கிறது. வைரத்தின் எடையைத் தங்கத்தோடு சேர்த்து எடை போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். வைரத்தில் கேரட் என்பது எடை அளவு: ஒரு கேரட் 0.2 கிராம். பில்லில் மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

அதே வாசகர்: கல் ஆடுகிறதா என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ள முடியுமா?

பதில்: முடியும். மோதிரத்தைக் காதருகே வைத்து விரலால் தட்டுங்கள், கலகலவென்று மெல்லிய சத்தம் கேட்டால் கல் ஆடுகிறது. பழைய பட்டுத்துணி மேல் மெதுவாக உரசுங்கள், நூல் மாட்டினால் நகம் தூக்கியிருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் போதும்.

கேள்வி (பெங்களூரு): ஜோடி மோதிரம் பிளாட்டினத்தில் எடுக்கலாமா, வெள்ளைத் தங்கத்தில் எடுக்கலாமா?

பதில்: நிறம் கிட்டத்தட்ட ஒன்று. மற்றதெல்லாம் வேறு.

பிளாட்டினம் இயல்பிலேயே வெண்மை. நகைக்குப் பயன்படுவது பெரும்பாலும் 950, அதாவது நூற்றுக்கு 95 பங்கு பிளாட்டினம். கீறல் விழும், ஆனால் கீறலில் உலோகம் தேய்ந்து போவதில்லை, பக்கவாட்டில் ஒதுங்குகிறது. அதனால் சில வருடங்களில் பளபளப்பு குறைந்து, மங்கலான சாம்பல் மெருகு வரும். அது பிடிக்காவிட்டால் பாலிஷ் போடலாம். அடர்த்தி அதிகம் என்பதால் அதே மாடல் 18 கேரட் மோதிரத்தைவிட மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு எடை கூடும்.

சிக்கல் பழுது பார்ப்பதில் வருகிறது. தங்கம் 1,064 டிகிரி செல்சியஸில் உருகும், பிளாட்டினம் 1,768 டிகிரியில். தெருமுனைப் பட்டறையின் ஊதுகுழல் தீ அதற்குப் போதாது. தீ சரியில்லாமல் கரி ஏறினால் உலோகம் நொறுங்கும். தங்கத் தூள் ஒட்டிய அரத்தைப் பயன்படுத்தினாலும் சூடாக்கும்போது அந்த இடம் கெடும். அளவு மாற்ற வேண்டுமென்றால் வாங்கிய இடத்துக்கே போக வேண்டியிருக்கும். எனவே விரல் அளவை மாலையில் எடுங்கள், காலையில் விரல் மெலிந்திருக்கும். 6 மில்லிமீட்டர் அகலப் பட்டை மோதிரம் என்றால் மெல்லிய மோதிரத்தின் அளவைவிட அரை அளவு கூட்டி எடுங்கள்.

இன்னொன்று: பிளாட்டினம் மோதிரத்தை 22 கேரட் மோதிரத்தோடு ஒரே விரலில் போடாதீர்கள். கெட்டியானது மிருதுவானதைத் தின்றுவிடும்.

வெள்ளைத் தங்கம் என்பது தங்கத்தில் பல்லேடியமோ நிக்கலோ கலந்து வெளுக்க வைத்தது. உள்ளே லேசான மஞ்சள் சாயல் இருக்கும். மேலே ரோடியம் முலாம் பூசித்தான் அந்தப் பளிச் வெள்ளை வருகிறது. தினமும் போடும் மோதிரத்தில் ஓரிரு வருடத்தில் முலாம் தேயும், மறுபடி பூச வேண்டும். கம்மலில் பல வருடம் நிற்கும். என் கணிப்பில் மோதிரத்துக்கு பிளாட்டினம், கம்மலுக்கும் டாலருக்கும் வெள்ளைத் தங்கம்.

கேள்வி (கோவை): வெள்ளைத் தங்க மோதிரம் ஒரு வருடம் நன்றாக இருந்தது. இப்போது விரலில் அரிப்பும் சிவப்பும். சோப்பு தங்குவதாலா?

பதில்: முதலில் ஒரு வாரம் கழற்றி வைத்துப் பாருங்கள். சோப்புத் தண்ணீர் தேங்கியும் அப்படி வரும். ஆனால் முதல் வருடம் ஒன்றும் இல்லாமல் இப்போது வந்திருப்பதால், ரோடியம் தேய்ந்து அடியில் இருக்கும் நிக்கல் தோலில் படுகிறது என்றே தோன்றுகிறது. மலிவான கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகிறவர்களுக்கு இது பெரும்பாலும் வரும். மறுபடி ரோடியம் போட்டால் தற்காலிகமாக நிற்கும். நிரந்தரத் தீர்வு பல்லேடியம் கலந்த வெள்ளைத் தங்கம் அல்லது பிளாட்டினம். "நிக்கல் இல்லை" என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

கேள்வி (சேலம்): வெள்ளிக் கொலுசு 80 டச் என்று கொடுக்கிறார்கள். 92.5 வாங்குவது நல்லதா? கறுக்காமல் இருக்க என்ன செய்வது?

பதில்: 80 டச் என்றால் நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. மெல்லிய கண்ணிகளும் சலங்கையும் வைத்த கொலுசுக்கு அந்தக் கெட்டித்தன்மை உதவவே செய்யும். புடவை ஓரம், தரை, செருப்பு வார் என்று எல்லாவற்றிலும் உரசுவது கொலுசுதான். ஆகவே 80 டச் கொலுசு தப்பில்லை. 80-க்கான விலையைத்தான் கொடுக்க வேண்டும்: எடை × வெள்ளி விலை × 0.80, அதன் மேல் கூலி. முழு வெள்ளி விலை வாங்கிக்கொண்டு, திருப்பிக் கொடுக்கும்போது 70 என்று கழிப்பதுதான் வழக்கமான நஷ்டம். திரும்ப எடுக்கும் விகிதத்தை வாங்கும்போதே எழுதி வாங்குங்கள். கனமான, சலங்கை இல்லாத கொலுசு, காப்பு, அரைஞாண் என்றால் 92.5 எடுங்கள். வெள்ளிக்கு முத்திரை கட்டாயம் இல்லை. ஆனால் 2025 செப்டம்பர் முதல் வெள்ளிக்கும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு கொண்ட முத்திரை கிடைக்கிறது, கேட்டு வாங்கலாம்.

கறுப்பதைத் தடுக்க முடியாது. காற்றிலும் வியர்வையிலும் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து வரும் படலம் அது. பற்பசை, சாம்பல் போட்டுத் தேய்த்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வெள்ளி போகும். அதற்குப் பதிலாக ஒரு பீங்கான் கிண்ணத்தில் அலுமினியத் தாளை விரித்து, அதன் மேல் கொலுசு படும்படி வையுங்கள். ஒரு லிட்டர் கொதிநீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடாவும் ஒரு மேசைக்கரண்டி உப்பும் கரைத்து ஊற்றுங்கள். ஐந்து நிமிடத்தில் கந்தகம் வெள்ளியை விட்டு அலுமினியத்துக்குப் போய்விடும். கொலுசு தாளைத் தொடாவிட்டால் வேலை நடக்காது. எனாமல் வேலைப்பாடு, முத்து, பவளம், வேண்டுமென்றே கறுப்பாக்கிய ஆக்ஸிடைஸ் வேலை உள்ளவற்றுக்கு இதைச் செய்யக் கூடாது.

கேள்வி (தஞ்சாவூர்): பெயர் சூட்டும் விழாவுக்குக் குழந்தைக்குத் தங்கமா, வெள்ளியா?

பதில்: வெள்ளி, 92.5. உலோகத்தைவிடச் சலங்கையைப் பாருங்கள் அம்மா. மெல்லிய வளையத்தில் தொங்கும் மணி கழன்றால் நேரே வாய்க்குப் போகும். வளையத்தின் வாய் பற்றவைத்து மூடியிருக்க வேண்டும். வெறுமனே நெளித்து விட்டிருந்தால் வேண்டாம்.

கேள்வி (திருநெல்வேலி): மூக்குத்தி வாங்கினேன். முத்திரையே இல்லை. கேட்டால் "இதுக்குப் போட மாட்டாங்க" என்கிறார்கள்.

பதில்: 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு முத்திரை கட்டாயம் இல்லை, அவர் சொன்னது உண்மை. குந்தன், போல்கி போன்ற கல் பதித்த வகைகளுக்கும் விலக்கு உண்டு. அப்படியென்றால் உங்கள் ஒரே ஆதாரம் பில்தான். கேரட்டும் நிகர எடையும் அதில் இருக்க வேண்டும். புதிதாகக் குத்திய மூக்குக்கு 22 கேரட் நல்லது, வெள்ளைத் தங்கம் வேண்டாம். திருகாணியின் மரை தேய்ந்திருந்தால் தூக்கத்தில் தொலையும், வாங்கும்போதே நாலைந்து முறை திருகிப் பாருங்கள்.

கேள்வி (சென்னை): சார், ஆறு எழுத்து எண் இருந்தால் போதுமா? போலி முத்திரை குத்துவதாகக் கேள்விப்பட்டேன்.

பதில்: 2023 ஏப்ரல் 1 முதல் முத்திரை கட்டாயமான தங்க நகைகளை அந்த எண் இல்லாமல் கடையில் விற்கக் கூடாது. நகையில் மூன்று குறிகள் இருக்க வேண்டும்: பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முக்கோணம், 22கே916 போன்ற தரக்குறி, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு. அதை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்த்தால் நகையின் வகை, தரம், பதிவு பெற்ற கடை, சோதித்த மையம் எல்லாம் வரும். நிறையப் பேர் தரத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். வகையைப் பாருங்கள். கையில் செயின் இருக்கச் செயலி "மோதிரம்" என்று காட்டினால் அது வேறொரு நகையின் எண்.

சந்தேகம் இருந்தால் அங்கீகரிக்கப்பட்ட சோதனை மையத்தில் நீங்களே கொடுத்துச் சோதிக்கலாம். நான்கு நகை வரை 200 ரூபாய் என்று கட்டணம் அறிவித்திருக்கிறார்கள். முத்திரை குத்திய நகையில் தரம் குறைந்தால், குறைந்த அளவுக்கான மதிப்பைப்போல் இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் கடைக்காரர் தர வேண்டும் என்பது 2018-ஆம் ஆண்டு பிஐஎஸ் விதி. கடையில் எக்ஸ்ரே கருவியில் வைத்துக் காட்டுவது மேல்தோலை மட்டும் படிக்கும், கனமான முலாம் அதை ஏமாற்றும்.

கேள்வி (திண்டுக்கல்): தாலிக்கொடி எத்தனை கேரட்?

பதில்: 22. தினமும் கழுத்தில் கிடப்பது, வியர்வைக்குக் கறுக்கக் கூடாது, எந்த ஊர்ப் பட்டறையிலும் பற்றவைக்க முடிய வேண்டும். உள்ளே குழலாக இருக்கும் கொடி வேண்டாம், நசுங்கினால் நிமிர்த்த முடியாது. முதலில் தேய்வது தாலி தொங்கும் வளையமும் கொக்கியும்தான். அவற்றைக் கொடியைவிடத் தடிமனாகச் செய்யச் சொல்லுங்கள், வளையத்தின் வாயை மூடச் சொல்லுங்கள்.

கேள்வி (ஈரோடு): பாட்டியின் கேடிஎம் நகை இருக்கிறது. உடம்புக்குக் கெடுதியா?

பதில்: அணிபவருக்குப் பயப்பட ஒன்றுமில்லை. கேட்மியம் கலந்து பற்றவைத்தது என்பதுதான் அந்தப் பெயர். உருக்கும்போது வரும் புகை பத்தர்களின் நுரையீரலைக் கெடுத்தது, அதனால் கைவிட்டார்கள். அந்தக் குறி தரத்துக்கு உத்தரவாதம் அல்ல. மாற்றும்போது உருக்கிச் சோதித்து மதிப்பிடச் சொல்லுங்கள். அந்த நகையைப் பழுதுபார்க்கக் கொடுத்தால் கேடிஎம் என்று பத்தரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தீ காட்டப்போவது அவர்.

கேள்வி (துபாய்): 24 கேரட், ஆனால் கெட்டியாக, எடையே இல்லாமல் நகை விற்கிறார்கள். 9 கேரட்டும் வந்திருக்கிறதாமே?

பதில்: முதலாவது, மின்முலாம் முறையில் அச்சின் மேல் தங்கத்தைப் படியவைத்து, அச்சை எடுத்துவிட்ட உள்ளீடற்ற நகை. அதன் கெட்டித்தன்மை அந்தப் படிவத்தில்தான் இருக்கிறது. தீ பட்டால் சாதாரணத் தங்கம்போல மிருதுவாகிவிடும். ஆகவே உடைந்தால் பற்றவைக்க முடியாது. எப்போதாவது அணியும் டாலருக்குச் சரி. வளையலுக்கு வேண்டாம்.

9 கேரட்டை இந்தியாவில் 2025-இல் முத்திரைத் தரங்களில் சேர்த்தார்கள். ஆயிரத்துக்கு 375 பங்குதான் தங்கம். மீதியில் செம்பு மிகுதியாக இருந்தால் வியர்வைக்கு நிறம் மங்கும். விலைக்காகக் கம்மல் எடுக்கலாம், சேமிப்பாக நினைத்து எடுக்காதீர்கள்.

கேள்வி (நாகர்கோவில்): மகள் பரதநாட்டிய அரங்கேற்றம். செம்பில் முலாமா, வெள்ளியில் முலாமா?

பதில்: உங்கள் ஊர் வடசேரியிலேயே விடை இருக்கிறது. புவிசார் குறியீடு பெற்ற நாகர்கோவில் கோயில் நகைகளின் மரபான முறை, வெள்ளியில் கட்டி, சிவப்புக் கெம்புக் கல் பதித்து, மேலே தங்கம் ஏற்றுவது. அரங்கேற்றம் முடிந்தும் பல வருடம் ஆடப்போகிறாள் என்றால் வெள்ளி. முலாம் தேய்ந்த இடத்தில் மறுபடி ஏற்றலாம், கல் விழுந்தால் அதே பட்டறையில் பதிக்கலாம், கடைசியில் வெள்ளிக்கு விலையும் உண்டு. ஒரே மேடைக்கு என்றால் செம்பு போதும். எதுவானாலும் ஆடி முடித்ததும் வியர்வையை உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, ஒரு மணி நேரம் காற்றாட வைத்துவிட்டுப் பெட்டியில் போடுங்கள். தலைசாமானின் பின்பக்கக் கொக்கிகளை அன்றைக்கே பார்த்துவிடுங்கள், அங்கேதான் முதலில் பிரியும்.